மௌலவி, இது என்ன சாமான்?



உங்கள் வீட்டுப் பெட்டகத்தின் அடியிலோ, அலுமாரியின் மேல்தட்டிலோ, குசினிக்குப் பின்னால் உள்ள சாமான் அறையிலோ பெயர் தெரியாத ஒரு பித்தளைப் பொருள் கிடக்கக்கூடும். உம்மும்மாவின் காலத்தில் அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ஒரு வேலையும் இருந்திருக்கும். இன்று அதற்கு 'பழைய பித்தளை' என்ற ஒரே பெயர்தான். பழைய இரும்பும் போத்தலும் வாங்குபவர் படலையில் நின்று குரல் கொடுப்பார். தராசில் ஏறும். கிடைக்கிற காசில் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்குவோம். நானும் அப்படி விற்றவன்தான். என் வாப்பும்மாவின் படிக்கம் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து அப்படித்தான் போனது.

ஆகவே இதை உங்களுக்குப் புத்தி சொல்லும் எண்ணத்தில் எழுதவில்லை. தராசில் ஏறாமல் தப்பி, என் மேசைக்கு வந்து சேர்ந்த ஒரு துண்டைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது புத்தளத்தில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார். பழைய நாணயங்களும் முத்திரைகளும் சேர்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. அவருடைய தாய்வழிக் குடும்பம் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தது. அங்கேயுள்ள காணியைத் துப்புரவு செய்யப் போனபோது, இடிந்து விழுந்த எல்லைச் சுவரின் கற்களுக்கிடையில் ஒரு பொருள் அகப்பட்டதாம். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து என் முன் வைத்தார்.

"மௌலவி, இது என்ன சாமான்? இதில அரபு எழுத்து மாதிரி ஏதோ இருக்கு."

கோழி முட்டையை விடச் சற்றுச் சிறியது. விரியாத தாமரை மொட்டின் வடிவம். உள்ளே வெறுமை. மொட்டின் மேற்பக்கத்தில் ஊசி போகும் அளவில் துளைகள். கீழே விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய குழாய். அதன் நுனியில் திருகுப் புரி. நிறம் கறுப்புக்கும் பச்சைக்கும் இடைப்பட்டது. மொட்டின் இடுப்பைச் சுற்றி நுணுக்கமான செதுக்கு வேலை.

என்னிடம் வருவதற்கு முன் அவர் பலரிடம் காட்டியிருந்தார். ஒருவர் சாம்பிராணிச் சட்டியின் மூடி என்றாராம். இன்னொருவர் பழைய கட்டிலின் கால் குமிழ் என்றாராம். ஹூக்காவின் உறுப்பு என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவரும் உண்டு. நகைக்கடைக்காரர் ஒருவர் உரசிப் பார்த்துத் தங்கமல்ல என்று சொன்னதோடு அவருடைய அக்கறை முடிந்துவிட்டது.

நான் அரபு படித்தவன் அல்லவா? அரபைத் தேடினேன். இரண்டு இரவுகள் இஷாவுக்குப் பின் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்தேன். ஓரிடத்தில் 'லாம்-அலிஃப்' தெரிந்தது. பக்கத்தில் 'கஃப்' போல ஒன்று. 'யா லதீஃப்' என்று வாசிக்கலாமோ என்று கூட நினைத்துவிட்டேன். மூன்றாம் நாள் அதை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தபோது வெட்கமாகப் போயிற்று. அதே 'லாம்-அலிஃப்', அதே 'கஃப்', சம இடைவெளியில் எட்டுத் தடவை வந்திருந்தன. அது எழுத்தல்ல, கொடியும் இலையுமான பூவேலை.

சகோதரிகளே, இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய பித்தளையிலும் செம்பிலும் அரபு போலத் தெரிவதெல்லாம் அரபல்ல. அரபு அறியாத கைவினைஞர் எழுத்தின் சாயலை மட்டும் பார்த்துச் செதுக்கியவை உலகெங்கும் உண்டு. உண்மையான அரபாக இருந்தாலும் அது குர்ஆன் வசனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எகிப்திலும் சிரியாவிலும் மம்லூக் காலத்தில் செய்த உலோகப் பாத்திரங்களில் சுல்தானின் பட்டங்களும், உடையவருக்கு நிலையான கண்ணியம் உண்டாகட்டும் என்பது போன்ற வாழ்த்துகளும்தான் பெரும்பாலும் காணப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெய்ரோவிலும் டமஸ்கஸிலும் பயணிகளுக்கு விற்பதற்காக அதே பாணியில் புதிதாகவும் செய்தார்கள். ஆகவே எழுத்து இருக்கிறதே என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அவரும் என்னைப் போல் அவசரப்படாதவராக இருந்தால் நல்லது!

எழுத்து கைவிட்ட பிறகு பொருளையே பார்க்கத் தொடங்கினோம். முதலில் காந்தம். பித்தளையும் செம்பும் வெண்கலமும் காந்தத்தில் ஒட்டா. ஒட்டினால் உள்ளே இரும்பு. மேலே மட்டும் பித்தளை முலாம். இது ஒட்டவில்லை. குழாயின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், லேசாகச் சுரண்டினார். மஞ்சள் தெரிந்தது. செம்பும் துத்தநாகமும் கலந்தால் பித்தளை, மஞ்சள். செம்பும் வெள்ளீயமும் கலந்தால் வெண்கலம். நிறம் சற்று மங்கல், தட்டினால் நீண்டு ஒலிக்கும். ஆக, இது பித்தளை.

பிறகு முத்திரை தேடினோம். இல்லை. வெள்ளி போல் மின்னும் சாமான்களில் சில வேளை ஈ.பி.என்.எஸ். என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அது வெள்ளியல்ல, நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் மின்சாரத்தால் பூசிய வெள்ளி முலாம். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் எல்கிங்டன் நிறுவனத்தார் அந்த முறைக்குக் காப்புரிமை பெற்றது 1840இல். எனவே அந்த முத்திரையுள்ள பொருளை யாராவது முந்நூறு வருடப் பழமை என்று விற்க வந்தால் நம்பிவிடாதீர்கள்.

துளைகளில்தான் விஷயம் இருந்தது. சாம்பிராணி புகையும் மூடியென்றால் துளைகள் பெரிதாக இருக்க வேண்டும், உள்ளே கரி படிந்திருக்க வேண்டும். இதில் கரியே இல்லை. கட்டில் குமிழுக்குத் துளை எதற்கு? புகைக்கிற கருவியென்றால் மெழுகு போன்ற ஒரு பிசின் ஒட்டியிருக்கும், அதுவும் இல்லை. இவ்வளவு சிறிய துளைகளால் போகக்கூடியது ஒன்றுதான். நீர்! ஓரத்தில் இருந்த இரண்டு துளைகள் மட்டும் மற்றவற்றை விடப் பெரிதாகவும் கோணலாகவும் இருந்தன. செய்தவன் கைபிசகிவிட்டான் என்று எண்ணினோம்.

இந்த இடத்தில் நாங்கள் நின்றுவிட்டோம். உங்களில் வயதில் மூத்தவர்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "இது கூடவா தெரியவில்லை!" என்று.

பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியது. "உங்கட உம்மும்மாட்டக் காட்டினீங்களா?"

"இல்ல மௌலவி. அவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். உம்மும்மாவுக்கு எண்பது வயதைத் தாண்டியிருக்கும். முன் விறாந்தையில் கதிரையில் இருந்தார்கள். பேரன் கைக்குட்டையைப் பிரித்து மடியில் வைத்தார்.

"இதை எங்க எடுத்த மகன்?"

"சோனகத் தெருவில, உம்மும்மா. இடிஞ்ச மதில் கல்லுக்குள்ள."

சற்று நேரம் அவர்கள் பேசவில்லை. பிறகு அந்தக் குழாயைப் பெருவிரலுக்கும் இரண்டு விரல்களுக்கும் இடையில் பிடித்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து என் பக்கமாக இரண்டு தடவை உதறினார்கள். உள்ளே ஒரு சொட்டு நீரில்லை என்பது தெரிந்திருந்தும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பன்னீர்ச் செம்புட தலை. மௌலவிக்குத் தெரியாதா?"

பிறகு சொல்லிக்கொண்டே போனார்கள். கலியாண வீட்டில் பெண்கள் பக்கத்தில் வாசலில் இதைப் பிடித்து நிற்பது குமருப் பிள்ளைகளின் வேலையாம். திருகுப் புரியில் பஞ்சு நூல் சுற்றித்தான் பூட்டுவார்களாம். இல்லாவிட்டால் பன்னீர் ஒழுகி வருகிறவர்களின் பட்டுச் சாரியில் கறை விழுந்து வாக்குவாதம் வருமாம். தலையைக் கழுவிக் காயவைக்காமல் வைத்தால் துளைகளில் பச்சைக் களிம்பு அடைத்துக்கொள்ளும். "கலியாணத்துக்கு முதல் நாள் ஊசியால குத்தி அடைப்பெடுக்கிறது சின்னப் பிள்ளைகள்ட வேலை. ரெண்டு பக்கமும் குத்திக் குத்தித் துளை பெரிசாப் போயிரும். உம்மாட்ட ஏச்சு வாங்குவம்."

நானும் மாணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். செய்தவனின் கைபிசகு என்று நாங்கள் தீர்ப்புச் சொன்ன அந்த இரண்டு துளைகள்!

காந்தமும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு நாங்கள் எட்டு நாள் தடுமாறியதை, அவர்கள் கையில் எடுத்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்கள். பார்த்து அறிந்த அறிவல்ல அது, பிடித்து அறிந்தது.

பெயர் தெரிந்த பிறகு வீட்டுக்கு வந்து என் கிதாபுகளைப் பார்த்தேன். இன்னொரு வெட்கம் காத்திருந்தது. இந்தப் பாத்திரம் என் அலுமாரியில் எத்தனையோ வருடமாக இருந்திருக்கிறது, எழுத்து வடிவில்! ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில் பாத்திரங்கள் பற்றிய பாடம் வரும். பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் நீங்கள் அறிந்ததே. மற்றைய உபயோகங்களுக்கும் அந்தத் தடை உண்டு என்று இமாம்கள் விளக்குகிற இடத்தில், ஹிஜ்ரி 676இல் வஃபாத்தான இமாம் நவவீ அவர்களின் 'அல்மஜ்மூஃ' வெள்ளிக் குப்பியில் உள்ள பன்னீரைப் பற்றியே பேசுகிறது. அப்படியொன்று எதிர்ப்பட்டுவிட்டால் பன்னீரை முதலில் இடக்கையில் ஊற்றி, பிறகு வலக்கைக்கு மாற்றிப் பூசிக்கொள்வது வழி என்கிறது. அந்தப் பாடத்தை நான் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். குப்பி எப்படியிருக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் எண்ணிப் பார்த்ததில்லை. உங்கள் வீட்டில் வெள்ளி போல் மின்னும் பன்னீர்ச் செம்பு இருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது முலாம்தான். நெருப்பில் காட்டினால் வெள்ளியாகத் திரண்டு வராத அளவு மெல்லிய முலாம் பூசிய பாத்திரத்தைப் பயன்படுத்தத் தடையில்லை என்பதே நம் மத்ஹபின் நிலைப்பாடு.

அரபியில் இதற்குக் 'கும்கும்' என்று பெயர். வளைகுடா நாடுகளில் தெளிப்பது என்ற பொருளில் 'மிரஷ்' என்பார்கள். பாரசீகத்தில் 'குலாப்பாஷ்', குல் என்றால் ரோஜா, ஆப் என்றால் நீர், பாஷ் என்றால் தெளிப்பது. அந்தப் பாரசீகத்து ஜூர் என்ற நகரத்தின் பன்னீர் பத்தாம் நூற்றாண்டிலேயே தூர தேசங்களுக்கெல்லாம் கப்பலேறியது. இன்றும் அரபிகள் நல்ல வாசனை ரோஜாவை 'வர்துன் ஜூரீ' என்று அந்த ஊரின் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஹிஜ்ரி 583இல், அதாவது 1187இல், ஸலாஹுத்தீன் ஐயூபி பைத்துல் முகத்தஸை மீட்டபோது அந்தப் புனித இடத்தைப் பன்னீரால் கழுவியதை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கஃபாவின் உட்புறத்தைக் கழுவும்போது ஸம்ஸமுடன் பன்னீர் கலப்பதை ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது இப்னு பதூதா எழுதியிருக்கும் ஒரு காட்சி. ஆபிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள மகதிஷு நகரத்துக்கு அவர் 1330ஐ அண்டிய காலத்தில் போகிறார். அந்த ஊர்ச் சுல்தானின் வீட்டிலிருந்து ஒரு பணியாள் தட்டில் வெற்றிலையும் பாக்கும் கொண்டுவந்து கொடுக்கிறான். கூடவே டமஸ்கஸ் பன்னீர் நிறைந்த ஒரு கும்கும். அதை விருந்தாளி மீதும் காழி மீதும் தெளிக்கிறான். வெற்றிலைத் தட்டம், பாக்கு, பன்னீர்! நம் கலியாண வீட்டு வாசலை யாரோ பார்த்து எழுதியது போல் இல்லையா? அதே இப்னு பதூதாதான் 1344இல் நமது புத்தளத்தில் கரையிறங்கியவர். இந்து சமுத்திரத்தைச் சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் பொதுவான ஒரு வரவேற்பு இது. யாழ்ப்பாணத்தில் நம் அயலவரான இந்துக்களின் மணவீடுகளிலும் பன்னீர்ச் செம்பு இன்றைக்கும் வாசலில்தான் இருக்கிறது.

இந்தத் துண்டு எங்கே செய்யப்பட்டது? பித்தளை வேலைக்கு நமது நாட்டில் கண்டிக்கு அருகே பிலிமத்தலாவை இருக்கிறது. தென்னிந்தியாவில் கும்பகோணம், வடக்கே மொராதாபாத். முத்திரை இல்லாமல், தலையை மட்டும் வைத்து ஊர் சொல்வது சரியல்ல. சொல்பவர்கள் இருப்பார்கள், விலை கூடுதலாகக் கேட்பதற்காக.

சுத்தம் செய்வது பற்றி ஒரு வார்த்தை. மாணவர் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கத் துடித்தார். நான் மறித்தேன். புளியும் தேசிக்காயும் பழைய கறுப்புப் படலத்தைக் கரைத்துவிடும். டின்னில் விற்கும் பொலிஷில் தேய்க்கும் மாப்பொருள் உண்டு. திரும்பத் திரும்பத் தேய்த்தால் மெல்லிய செதுக்கு வேலை மழுங்கிவிடும். தினமும் புழங்கும் பாத்திரத்தைத் தேயுங்கள், அது வேறு. இன்னதென்று தெரியாத பழைய பொருளை முதலில் மெல்லிய துணியாலும் இளஞ்சூட்டுத் தண்ணீராலும் துடைத்து, நன்றாக உலர்த்தி வையுங்கள். அது போதும்.

மீண்டும் உம்மும்மாவிடம் வருகிறேன். "அப்ப இது எங்கட செம்புதானா?" என்று பேரன் ஆவலாகக் கேட்டார். அவர்கள் தலையசைக்கவில்லை.

"எங்கட தெருவில கலியாண வீடு எண்டா நாலு வீட்டுச் செம்பு வரும். திருப்பிக் குடுக்கேக்க மாறிப் போகாம இருக்கக் கால்ல கலர் நூல் கட்டி வைப்பம். தலையை வச்சு ஆருடையது எண்டு எப்படிச் சொல்றது?"

1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதை நான் இங்கே விரிவாக எழுதத் தேவையில்லை. சுமார் 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தில் அது ஒக்டோபர் 30ஆம் திகதி. கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். "அண்டைக்குச் செம்பையும் தட்டையும் ஆர் நினைச்சது? பிள்ளைக்குப் பால்மா டின்னும் ரெண்டு உடுப்பும் எடுத்தன். அவ்வளவுதான்" என்றார்கள். வீடுகளில் விட்டுவந்த பித்தளையெல்லாம் பிறகு யாருடைய தராசில் ஏறியதோ! உடலும் அடிப்பாதமும் போய்விட்டன. கல்லுக்குள் சிக்கியதால் தலை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

விடைபெறும்போது உம்மும்மா என்னிடம் கேட்ட கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. "மதில் ரெண்டு வீட்டுக்கும் பொது, மௌலவி. அந்தப் பக்கத்து வீட்டாக்களுடையதா இருந்தா, இதை நாங்க வச்சிருக்கலாமா?"

கண்டெடுத்த பொருளை ஒரு வருடம் அறிவிக்க வேண்டும் என்ற ஹதீஸும், 'லுகதா' என்ற ஃபிக்ஹுப் பாடமும் எனக்கு மனப்பாடம். ஒரு சாதாரண பித்தளைத் துண்டுக்காக அதைக் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உடையவர் யார் என்று விசாரிக்க வழியிருக்கும்போது விசாரிப்பதுதான் கடமை என்று சொன்னேன். (நாட்டுச் சட்டமும் ஒன்று உண்டு என்பதைப் பழம்பொருள் தேடும் பிள்ளைகளின் தாய்மார் அறிந்திருப்பது நல்லது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்டதாகக் கருதப்படும் பொருள் நிலத்தில் கிடைத்தால் அதை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். அவற்றைத் தேடி அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். இந்தத் திருகுச் செம்பை அவ்வளவு பழையதாக நான் கருதவில்லை.)

பக்கத்து வீட்டாரில் மூத்த பெண் ஒருவர் இப்போது நீர்கொழும்பில் மகளோடு இருக்கிறாராம். இருவரும் சின்ன வயதில் ஒன்றாக ஓதியவர்களாம். நோன்புக்கு முன் அங்கே போய்க் காட்டிவிட்டு வருவதென்று முடிவாகியிருக்கிறது. பேரன் தான் மட்டும் பஸ்ஸில் கொண்டுபோவதாகச் சொன்னார். உம்மும்மா விடவில்லை. தானும் வருவதாகவும், போகிற வழியில் ஒரு போத்தல் பன்னீர் வாங்க வேண்டுமென்றும் சொல்லிவிட்டு, அந்தத் தலையைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.